கழிவு போக நின்ற கப்பல்கள்

அவைக்கு அணியாய், அமைதிக்கு உருவாய் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, நம் தோட்டத்தின் பெரிய கிராணியும் ஊழியர் மன்றத்தின் தலைவருமாகிய பெருமதிப்பிற்குரிய இராமையா அவர்களே. மேடையை நிறைத்திருக்கும் செயற்குழு நண்பர்களே. கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று தானா ராத்தாவிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே. கோலா தெர்லாவிலிருந்தும் திரிங்காப்பிலிருந்தும் முட்டைக்கோஸ் லாரியில் ஏறி வந்திருக்கும் காய்கறித் தோட்டத்துப் பெருமக்களே. முன்வரிசையில் முக்காடிட்டு, குளிரையும் என்னையும் ஒருசேரப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களே. நனைந்த கூடையை இறக்கிவைத்த கையோடு, உலைகூட ஏற்றாமல் ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே. ஏழாங்கட்டைத் தோட்டத்தில் உங்கள் கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் எடைக் கிராணியும் மன்றத்தின் செயலாளருமாகிய பழனியப்பன், உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

இந்த மேசைமேல் மின்னுகிறதே, இந்த வெள்ளிக் கோப்பை, இது சென்ற மாதம் ஈப்போவில் நடந்த விண்கப்பல் போர்ப் போட்டியில், எட்டு அணிகள் மோதிய பெருங்களத்தில், நம் தோட்டம் வென்றெடுத்த கோப்பை. உங்கள் கையில் இருக்கும் அழைப்பிதழைப் பாருங்கள். வென்ற மூவரின் பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. பழனியப்பன், காளிமுத்து, நாகப்பன். பெருமக்களே, இந்த மூன்று பெயர்களில் ஒன்று பொய். அச்சகத்துக்காரர்மேல் பழி போடாதீர்கள். அதை எழுதிக் கொடுத்தவன் நான்.

பொறுங்கள், பொறுங்கள். நாகப்பனை அப்படிப் பார்க்காதீர்கள், அவர் பாவம். அங்கே இருந்திருக்க வேண்டிய பெயர் நீலாவதி. ஆம், மேட்டு லயத்து நீலாவதி. தச்சர் சிங்காரத்தின் மனைவி. உங்களோடு ஆறாம் நம்பர் மலையில் நாள்தோறும் கொழுந்து பறிக்கும் அதே நீலாவதி. அடுத்த மாதம் கோலாலம்பூரில் நாடு தழுவிய போட்டி நடக்கிறது. அங்கே அவர் தம் சொந்தப் பெயரில் போய் அமர்வாரா, இல்லை இன்னொருவர் பெயருக்குப் பின்னால் மறைந்து கிடப்பாரா? அந்த ஒன்றைக் கேட்கத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன் நிற்கிறேன்.

விண்கப்பல் போர் என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். ஒரு பெரிய மேசை. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. அந்தத் துணிதான் வானம். அதில் கரை இல்லை, காற்று இல்லை, கால் ஊன்ற மண் இல்லை. ஆளுக்கு ஆறு கப்பல்கள், கட்டைவிரல் உயரத்தில். பெரியது ஒன்று, நடுத்தரம் இரண்டு, சிறியவை மூன்று. ஒவ்வொரு கப்பலும் எத்திசை திரும்பும், எத்தனை கட்டம் போகும் என்பதை இருவரும் ஒளித்து எழுத வேண்டும். பிறகு ஒரே நேரத்தில் திறந்து காட்ட வேண்டும். எழுதியது எழுதியதுதான், மாற்றமில்லை. எல்லாவற்றிலும் என்னை அசரவைப்பது எது தெரியுமா? அந்த வானத்தில் போகிற கப்பல் நிற்காது. விசை கொடுத்தால் விரைந்துகொண்டே இருக்கும். திருப்பினாலும் பழைய வேகம் அதைப் பழைய திசைக்கே இழுக்கும். நான்கு வருடம் ஆடியும், அந்தக் கறுப்புத் துணியை விரிக்கும்போதெல்லாம் எனக்கு அது முதல் நாள் போலவே இருக்கும்.

நம்மோடு இரண்டு வருடம் இருந்துவிட்டு சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சின்னதுரை, எழுபத்தொன்பதாம் வருடம் மன்றத்துக்கு விட்டுச்சென்ற பெட்டியில் வந்த விளையாட்டு இது. பெட்டியில் இருந்த கப்பல்கள் ஆறே ஆறு. மீதியைச் செதுக்கியவர் சிங்காரம். பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலைச் செடியின் வேரில் செதுக்கினார். வேரா அது? வெள்ளைக்காரன் வார்த்த ஈயக் கப்பலுக்கு அருகில் வைத்தால், ஈயம்தான் வெட்கப்படும்.

செதுக்கிய கப்பல் சாயாமல் நிற்கிறதா, தள்ளினால் நேராக நகர்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மன்றத்துக்குள் வந்து ஆட சிங்காரத்துக்கு அனுமதி இல்லை. மன்றம் ஊழியர்களுக்கு. கிராணிமாருக்கு, மருந்து கொடுக்கும் டிரஸ்ஸருக்கு, ஃபோர்மேனுக்கு. ஆணி அடிக்க அவர் வரலாம், ஆட வரக் கூடாது. அதனால் அவர் வீட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டார். எதிரே உட்கார ஆள் வேண்டும். மனைவியை உட்காரவைத்தார். நீலாவதி இந்த வானத்துக்குள் வந்தது அப்படித்தான், பெருமக்களே. ஒரு கப்பல் சாயாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக.

இப்போது புள்ளிக் கணக்குக்கு வருகிறேன். கவனியுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. எதிரியின் பெரிய கப்பலை வீழ்த்தினால் முப்பது புள்ளி. நடுத்தரத்துக்கு இருபது. சிறியதற்குப் பத்து. பாதிக்குமேல் நொறுங்கினால் பாதிப் புள்ளி. பெட்டியில் இருந்த புத்தகம் இவ்வளவுதான் சொன்னது. நீ வீழ்த்தியதை எண்ணு, அதுவே உன் புள்ளி. உன் கப்பல்கள் எத்தனை போயின என்று அது கேட்கவே இல்லை. ஆகவே கிராணிமார் நாங்கள் எப்படி ஆடினோம்? பாய்ந்தோம், மோதினோம், அழித்தோம், அழிந்தோம். ஆட்டம் முடியும்போது மேசையில் கப்பலே இருக்காது. அதை வீரம் என்று நினைத்துக்கொண்டோம்.

சிங்காரம் எங்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதுதான் அதிகம், சன்னலுக்குச் சட்டம் போட்டுக்கொண்டே. புள்ளிக் கணக்கு அவர் காதில் சரியாக விழவில்லை. அவர் என்ன செய்தார்? தமக்குத் தெரிந்த கணக்கை வைத்துக்கொண்டார். எந்தக் கணக்கு? தாய்மார்களே, உங்கள் கணக்கு. கொழுந்து எடைக் கணக்கு. தராசில் எவ்வளவு ஏறினால் என்ன? கூடையின் கனம் கழியும். மழை நாளில் ஈரம் கழியும். கழிவு போக நிற்பதுதான் உன் எடை. அதே போல, வீழ்த்தியது தராசில் ஏறியது, இழந்தது கழிவு. கழிவு போக நிற்பதுதான் புள்ளி. புத்தகத்தில் இல்லாத இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நான்கு வருடம் அந்த வீட்டில் ஆடினார்கள். தவறான கணக்கு. இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாத தவறு.

ஈப்போப் பயணத்துக்கு வருகிறேன். கோலா தெர்லா காய்கறி லாரியில் புறப்பட்டோம். நான், ஃபோர்மேன் காளிமுத்து, ஸ்டோர் நாகப்பன் மூவரும் அணி. கப்பல் உடைந்தால் ஒட்டுவதற்குச் சிங்காரம். ஈப்போவின் புந்தோங்கில் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்தது, அதைப் பார்க்க நீலாவதியும் ஏறிக்கொண்டார். தாப்பா ரோட்டின் வளைவுகள் உங்களுக்குத் தெரியும். நாகப்பனின் வயிற்றுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் வளைவில் பேச்சை நிறுத்தினார். பத்தாவது வளைவில் கடவுளைக் கூப்பிட்டார். தாப்பாவில் இறங்கியபோது மனிதர் கீரைக்கட்டு மாதிரி துவண்டு கிடந்தார். சிரிக்காதீர்கள், சிரிக்காதீர்கள், அவரே சிரிக்கிறார்.

மண்டபத்தில் விதி சொன்னார்கள். மூன்று பேர் உட்கார்ந்தால்தான் அணி. இரண்டு பேர் என்றால் திரும்பிப் போகலாம். நான் சிங்காரத்தைப் பார்த்தேன்.

"நீ உட்காரு சிங்காரம்."

"நான் வேணாங்க கிராணி. அவ உட்காரட்டும்."

"எவ?"

"இவதான்." பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். "நாலு வருசமா வீட்டுல ஒரு தடவகூட நான் ஜெயிச்சதில்ல."

காளிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார். "அலாமாக், வெளையாடாத லா சிங்காரம்."

நீலாவதி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எத்தன மணிக்கு முடியும்? தங்கச்சி வீட்டுக்குப் போவணும்."

இன்னொரு தடை இருந்தது. உத்தரவுகளை எழுத வேண்டுமே. நீலாவதி பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நடுவர் லோ என்ற சீன ஆசிரியர். எண்கள் தெரியுமா என்று மலாயில் கேட்டார். "நம்பர் தெரியும்" என்றார் நீலாவதி. எப்படித் தெரியும்? நான் எழுதிக் கொடுக்கும் எடைச் சீட்டைப் பார்த்துப் பார்த்துக் கற்றவை. நான் குறைத்து எழுதிவிடுவேனோ என்ற சந்தேகத்தில் கற்றுக்கொண்டாராம். அந்தப் பெருமையும் எனக்கே. அம்புக்குறி போட்டு, பக்கத்தில் எண் போட்டால் போதுமா என்று கேட்டோம். ஆசிரியர் லோ சிரித்தார். "போலே லா, போலே", முடியும், தாராளமாக முடியும் என்று தலையாட்டினார்.

முதல் சுற்று. நான் எதிரியின் அறுபது புள்ளியை வீழ்த்தினேன். அறுபது. எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டேன். காளிமுத்து ஐம்பது. நீலாவதி இருபது. பாவம், முதல் தடவைதானே என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். பிறகு பலகையில் புள்ளி எழுதினார்கள். என் பெயருக்கு எதிரே என்ன எழுதினார்கள் தெரியுமா? கழித்தல் பத்து. காளிமுத்துவுக்குச் சுழியம். நீலாவதிக்கு இருபது, முழுதாக இருபது.

நான் நடுவரிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக ஒரு தாளைக் காட்டினார். இந்தப் போட்டிக்கென்று புதிதாக வகுத்த விதி. வீழ்த்தியதிலிருந்து இழந்ததைக் கழிக்க வேண்டும், மீதியே புள்ளி. அறுபதை வீழ்த்திய நான் எழுபதை இழந்திருந்தேன். அந்தத் தாளை எல்லா அணிக்கும் தபாலில் அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கும் வந்தது. மூன்று வாரம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தை நான் திருப்பவில்லை. படித்தவன் படிக்கவில்லை, பெருமக்களே. படிக்காதவர் நான்கு வருடமாக அதே விதியில் ஆடிக்கொண்டிருந்தார்.

இரண்டாம் சுற்றில் நானும் காளிமுத்துவும் பயந்து பயந்து ஆடி, சரிக்குச் சரியாக முடித்தோம். என் ஆட்டம் சீக்கிரம் முடிந்ததால், அப்போதுதான் நீலாவதி ஆடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்தேனா? பிரமித்தேன். மலையில் ஆளுக்கொரு செடிவரிசையாய் நிரை பிடிக்கும் முறை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கைவேகம் குறைந்தவரை, காய்ச்சலில் எழுந்தவரை, வேகக்காரர் இருவருக்கு நடுவில் விடுவீர்கள். முந்தி முடித்தவர் ரோட்டோரம் உட்கார்ந்துவிடுவதில்லை. திரும்பி வந்து, பிந்தியவரின் நிரையில் எதிர்முனையிலிருந்து பறித்துக்கொண்டே போவார். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் மலை இறங்க மாட்டீர்கள். அந்தக் கறுப்புத் துணியில் ஆறு கப்பல்கள் அப்படி நிரை பிடித்து நின்றன. அடிபட்ட கப்பல் மெல்லப் பின்னால் போகும், அடிபடாத கப்பல் அதன் இடத்துக்கு வரும். எதிரி எத்தனை முறை சுட்டாலும் புதிய கவசத்தில்தான் படும். இந்த வித்தையை எந்தக் கல்லூரியில் கற்றார்? எந்தத் தளபதியிடம் கற்றார்?

நிற்காத கப்பலை எப்படி நிறுத்துகிறீர்கள் என்று இடைவேளையில் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே.

"முழுக் கூடையோட சரிவுல எறங்குறப்ப நெனச்ச எடத்துல நிக்க முடியுமாங்க? மூணு செடிக்கு முன்னாடியே கால ஊனணும். இதுவும் அதான்."

நான் பதினான்கு வருடம் அந்தச் சரிவின் அடியில் தராசோடு நின்றவன். கூடைகள் இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன். கால்களைப் பார்த்ததில்லை.

மூன்றாம் சுற்று. இரண்டாம் சுற்றில் நீலாவதி எடுத்த முப்பதோடு எங்கள் மொத்தம் நாற்பது. முதலிடத்தில் பினாங்கு அணி, அறுபது. இப்போது நாங்களும் அவர்களும் நேருக்கு நேர். இங்கே எங்களுக்குக் கூடுவது அவர்களுக்குக் கழியும். என் ஆட்டம் மறுபடியும் கழித்தல் பத்து. பழக்கதோஷம், என்ன செய்வது. காளிமுத்து சரிக்குச் சரி. முப்பதுக்கு எழுபது என்றானது. இனி நீலாவதியின் மேசை ஒன்றுதான். அதில் இருபது வந்தால் இரு அணியும் சமம். இருபதைத் தாண்டினால் கோப்பை. குறைந்தால் காய்கறி லாரி.

எதிரே பினாங்கு அணியின் தலைவர், ஒரு என்ஜினியர், சென்ற வருடம் வென்றவர். நீலாவதி அவருடைய நடுத்தரக் கப்பல் ஒன்றை வீழ்த்தியிருந்தார், இருபது. ஆனால் நீலாவதியின் சிறிய கப்பல் ஒன்று பாதிக்குமேல் நொறுங்கிப் பின்னால் தள்ளாடிக்கொண்டிருந்தது, கழிவு ஐந்து. நிற்பது பதினைந்து. மிச்சம் ஒரே ஒரு நகர்வு. முன்னால் எதிரியின் சிறிய கப்பல் ஒன்று ஓடுகிறது, இன்னும் ஒரு அடி விழுந்தால் தீர்ந்தது, பத்துப் புள்ளி. துரத்த வேண்டும். மண்டபம் முழுவதும் துரத்து என்று நினைத்தது. வாயைத் திறந்தால் அணியையே வெளியேற்றுவார்கள் என்பதால் நான் கண்ணால் கத்தினேன். துரத்து நீலாவதி, துரத்து.

நீலாவதி எழுதினார். ஒவ்வொரு கப்பலுக்கும் ஓர் அம்பு, ஓர் எண். திறந்தார்கள். ஐந்து கப்பல்களும் திரும்பின. ஓடுகிற எதிரியை விட்டுவிட்டு, நொண்டுகிற தங்கள் கப்பலை நோக்கித் திரும்பின.

போச்சு என்று காளிமுத்து முனகியது கேட்டது. பிறகுதான் எதிராளியின் தாளைப் பார்த்தோம். அவர் தம் பெரிய கப்பலை, முப்பது புள்ளிக் கப்பலை, முழு வேகத்தில் அந்த நொண்டியின்மேல் ஏவியிருந்தார். தனியாக விட்டுப் போவார்கள், போய் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். எந்தக் கிராணியும் அப்படித்தான் போட்டிருப்பான். எழுதியது எழுதியதுதான். வந்த வேகத்தில் அதனால் நிற்க முடியவில்லை, திரும்ப முடியவில்லை. ஐந்து கப்பல்களுக்கு நடுவே வந்து விழுந்தது. அது சுட்டதெல்லாம் நடுவில் புகுந்த புதுக் கப்பல்களின் கவசத்தில் பட்டுத் தெறித்தது. நம் கப்பல்கள் சுட்டது அத்தனையும் பட்டது. பாதியைத் தாண்டி நொறுங்கியது. மணி அடித்தது. பெரிய கப்பலுக்குப் பாதி, பதினைந்து. இருபதும் பதினைந்தும் முப்பத்தைந்து, கழிவு ஐந்து, நிற்பது முப்பது. அறுபதுக்கு நாற்பது. கோப்பை நம்முடையது.

கைதட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். ஆனால் இதையும் கேளுங்கள். நான் சொன்னபடி துரத்தியிருந்தால் பத்துக் கிடைத்திருக்கும், நொண்டியும் முழுதாகப் போயிருக்கும். இருபதே நின்றிருக்கும். கோப்பையை ரம்பம் போட்டு இரண்டாக அறுத்திருப்போம். அந்த நொடியிலும், அத்தனை பட்ட பிறகும், நான் கழிவை மறந்திருந்தேன்.

பினாங்குக்காரர் எழுந்தார். அந்தச் சின்னக் கப்பலை இரையாகத்தானே விட்டீர்கள் என்று என் வழியாகக் கேட்டார். நீலாவதிக்குக் கேள்வியே புரியவில்லை.

"எரையெல்லாம் இல்லீங்க. அவளத் தனியா விட்டுட்டு எங்க போறது?"

நான் அதை மலாயில் சொன்னேன். அவர் குனிந்து, அந்த நொண்டிக் கப்பலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

அவளைத் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? பெருமக்களே, நான் போனேன். தோட்டத்துக்குத் திரும்பினேன். மன்றத்துக்கு அறிக்கை எழுதினேன். உறுப்பினர் அல்லாதவர் மன்றத்துக்காக ஆடக் கூடாது என்பது விதி. கோப்பைக்குச் சிக்கல் வரக் கூடாது என்று நீலாவதியின் இடத்தில் நாகப்பன் என்று எழுதினேன். மறுநாளே நாகப்பன் என் வீட்டு வாசலில் நின்றார். "நான் வாந்தி எடுத்ததுக்கா கோப்பை குடுத்தாங்க? என் பேர எடுத்துருங்க லா" என்றார். நான் எடுக்கவில்லை.

சென்ற வாரம் செயற்குழு கூடியது. ஐந்து பேர். கொழுந்து பறிப்பவர் முதலான வெளிக்காட்டு வேலைக்காரர்களையும் உறுப்பினராக்கலாம், நீலாவதியைக் கோலாலம்பூருக்கு அனுப்பலாம் என்று காளிமுத்து தீர்மானம் கொண்டுவந்தார். காளிமுத்துவும் நாகப்பனும் கை தூக்கினார்கள். தலைவரும் டிரஸ்ஸர் முனியாண்டி அவர்களும் தூக்கவில்லை. அது அவர்கள் கருத்து, மறைக்காமல் சொன்னார்கள், நான் மதிக்கிறேன். ஐந்தாவது கை எங்கே இருந்தது? என் கை, பெருமக்களே. மேசைக்கு அடியில் இருந்தது. பெரிய கிராணி முகம் சுளிப்பாரே என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. தீர்மானம் தோற்றது. அந்தப் பெண்ணைத் தோற்கடிக்கப் பினாங்கால் முடியவில்லை. என் ஒரு கையால் முடிந்தது.

தலைவர் அவர்களே, தோற்ற தீர்மானத்தைச் செயலாளர் மறுபடியும் எடுக்கலாம் என்பதும் நம் மன்றத்தின் விதிதான். செயற்குழு ஐவரும் இதோ மேடையில் இருக்கிறோம். சாட்சிக்கு ஊரே இருக்கிறது. எடுக்கிறேன். இதோ என் கை. எல்லோரும் பாருங்கள், இந்தக் கை இனி இறங்காது. காளிமுத்து, உங்கள் கை. நாகப்பன், உங்கள் கை. மூன்று. மூன்று போதும், தீர்மானம் வென்றது.

டிரஸ்ஸர் ஐயா, நீங்களுமா? நான்கு. நன்றி ஐயா, நன்றி.

அமைதி. தலைவர் ஏதோ சொல்கிறார். கேட்கவில்லை, கொஞ்சம் கைதட்டலை நிறுத்துங்கள். "பேர எழுதிக்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்கிறார். அதோடு, "அந்தப் பிள்ளைய ஏன் கீழ உக்கார வச்சிருக்கீங்க" என்றும் கேட்கிறார்.

நீலாவதி அம்மா, எழுந்து வாருங்கள். தாய்மார்களே, வழி விடுங்கள். தயங்காதீர்கள் அம்மா, மேடையில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். நான் எழுந்து வந்து பேசத் தொடங்கியதிலிருந்து அதோ அந்த நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. அது உங்களுக்கு. நான் படியிறங்கிக் கீழே உட்கார்ந்து உங்களைப் பார்க்கிறேன்.

பொறுமையாய்ச் செவிகொடுத்த பெரியவர்களுக்கும், பிழையைச் சொல்ல விட்ட தலைவருக்கும், பனியிலும் கலையாத உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. வணங்கி விடைபெறுகிறேன்.